செப்டம்பரில் போங்கள்: நெல்லையிலிருந்து மத்திய தரைக்கடலுக்கு ஸ்கூபா பயணம் திட்டமிட

கோடை என்றால் நமக்கு ஏப்ரல், மே தான். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், கத்திரி வெயில் கொளுத்தும், எங்காவது போகலாம் என்று வீட்டில் பேச்சு எழும். அந்தப் பழக்கத்தில், காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் முங்கும் ஸ்கூபாவுக்காக மத்திய தரைக்கடலுக்கும் மே மாதத்தில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். கரையில் வெயில் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கடல் மெதுவாகத்தான் சூடேறும். மே மாதத்தில் ஸ்பெயின் பக்கம் தண்ணீர் 16 டிகிரியை ஒட்டி இருக்கும், மால்டாவில் 18, சைப்ரஸில் 20 இருந்தால் பெரிது. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பில் பழகிய உடம்பு அந்தக் குளிரில் முக்கால் மணி நேரம் தாங்காது. பல் கிட்டிக்கொண்டு, காற்றையும் சீக்கிரம் தீர்த்துக்கொண்டு, எதையும் ரசிக்காமல் மேலே வருவோம்.

அந்தக் கடலுக்குக் கோடை ஜூன் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை நீள்கிறது. தண்ணீர் உச்ச சூட்டுக்கு வருவது ஆகஸ்டில். ஆனால் அந்த மாதத்தில் ஐரோப்பா முழுக்க விடுமுறை எடுத்துக்கொண்டு கடற்கரையில்தான் கிடக்கும். அறை வாடகை, விமானக் கட்டணம், படகில் இடம் எல்லாமே நெருக்கடி. செப்டம்பரில் கூட்டம் கலைந்துவிடும், தண்ணீரின் சூடு கலையாது. மால்டாவில் 25, 26 டிகிரி, சைப்ரஸில் 27 வரைகூட இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் வழி இருக்கிறது: காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும், அதோடு ஒன்றிரண்டு நாள் சேர்த்துக்கொண்டால் போதும். ஆகவே முதலில் கடலைப் பார்த்துத் தேதி குறியுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

அடுத்தது எங்கே போவது. ஐரோப்பா போகிறோம், நாலு நாடு பார்த்துவிடலாம் என்று ஆசை வரும். ஸ்கூபாவுக்கு அது சரிப்படாது. விமானம் ஏறுவதற்கு முன்னால் பல மணி நேரம் முங்கக்கூடாது என்ற விதி இருப்பதால், ஊர் மாற மாற முங்கும் நாட்கள்தான் கரையும். ஒரு வாரத்துக்கு ஓர் இடம், அவ்வளவுதான்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மால்டாவைத்தான் சொல்வேன். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, அதனால் தண்ணீருக்குள் இறங்கும் முன் சொல்லப்படும் எச்சரிக்கைகள் ஒன்றுவிடாமல் புரியும். இது சின்ன விஷயம் இல்லை. வண்டி நம்மூர் மாதிரியே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், வாடகைக் கார் எடுத்தால் தடுமாற வேண்டியதில்லை. தீவு சின்னது, வடக்கே காற்றடித்தால் தெற்கே போய் இறங்கலாம். பல இடங்களில் படகே வேண்டாம், சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பாறையிலிருந்து நேராக இறங்கிவிடலாம், அதனால் செலவும் குறையும்.

மால்டாவின் வடமேற்கு முனையில் சிர்கெவ்வா என்று ஓர் இடம். அங்கே கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் ரோசி என்ற இழுவைப் படகும், பி 29 என்ற பழைய ரோந்துக் கப்பலும் கிடக்கின்றன. முதலாவதை 1992-லும் மற்றதை 2007-லும் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். இரண்டும் 35 மீட்டரை ஒட்டிய ஆழம். தெற்கே சூரிக் பக்கம் உம் எல் ஃபரூத் என்ற எண்ணெய்க் கப்பல் இருக்கிறது, 110 மீட்டர் நீளம். 1995-இல் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் நின்றபோது வெடித்து, ஒன்பது தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். 1998-இல் அதைக் கொண்டுபோய்க் கடலில் அமிழ்த்தினார்கள். அதைப் பார்க்கப் போகும்போது இந்தச் சேதி தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இவ்வளவு ஆழம் வேண்டாம் என்றால் தலைநகர் வல்லெட்டாவின் துறைமுகத்திலேயே, 1942-இல் குண்டுவீச்சில் மூழ்கிய மவோரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மிச்சம் 14 மீட்டர் அளவில் இருக்கிறது, புதிதாகக் கற்றவர்களும் போகலாம்.

சிர்கெவ்வாவிலிருந்தே அரை மணிக்குள் படகில் கோசோ தீவு. அங்கே ட்வெய்ரா என்ற இடத்தில், பாறைகளுக்கு நடுவே கிணறு தோண்டி வைத்ததுபோல ஒரு நீலப் பள்ளம். அதில் இறங்கி, சுமார் 8 மீட்டர் ஆழத்தில் இருக்கும் வளைவு வழியாக வெளியே போனால் திறந்த கடல். நம் பக்கத்து ஏற்றக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவர்களுக்கு அந்த இறக்கம் உடனே பிடித்துப்போகும். அதன் பக்கத்தில் நின்ற பெரிய பாறை வளைவு 2017 மார்ச் 8-ஆம் தேதி புயலில் இடிந்து விழுந்தது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு அதைத் தேடாதீர்கள், இப்போது அதன் துண்டுகள் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன, அவற்றைச் சுற்றி நீந்துவது தனி அனுபவம்.

கொஞ்சம் அனுபவம் வந்தவர்கள் சைப்ரஸ் போகலாம். லார்னகா ஊருக்கு எதிரே செனோபியா என்ற கப்பல் கிடக்கிறது. ஸ்வீடனில் கட்டிய பெரிய சரக்குக் கப்பல், நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகளை ஏற்றிக்கொண்டு முதல் பயணத்திலேயே 1980 ஜூனில் கவிழ்ந்தது. அதில் யாரும் சாகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதால் மேல்விளிம்பு 17 மீட்டரை ஒட்டியும் அடித்தரை 42 மீட்டரிலும் இருக்கிறது. வெளியே சுற்றிப் பார்ப்பது ஒன்று, உள்ளே நுழைவது முற்றிலும் வேறு. உள்ளே போய் வழி தெரியாமல் உயிர்விட்ட முக்குளிப்பாளர்கள் உண்டு. மூழ்கிய கப்பலுக்குள் நுழையத் தனிப் பயிற்சி பெறாதவர்களை யார் கூப்பிட்டாலும் உள்ளே போகாதீர்கள்.

வரலாறு பிடிக்கும், ஆழம் பயம் என்கிறவர்களுக்கு நேப்பிள்ஸ் பக்கத்தில் பாயா. ரோமானியப் பணக்காரர்களின் கடற்கரை மாளிகைகள் இருந்த ஊர், எரிமலைப் பகுதி என்பதால் நிலம் மெல்ல மெல்ல இறங்கிக் கடலுக்குள் போய்விட்டது. வெறும் 5 மீட்டர் ஆழத்தில் மொசைக் தரை, சுவர்கள், சிலைகளின் நகல்கள். கொற்கையிலிருந்து போன முத்தை வாங்கி அணிந்த சீமாட்டிகள் நடமாடிய காலத்துத் தரை அது. தாமிரபரணி முகத்துவாரத்துக்காரர்கள் நாம் அங்கே போய் அந்தத் தரையின் மேல் மிதக்கும்போது நெஞ்சு ஒரு நிமிடம் நிறையத்தான் செய்யும். அதே இத்தாலியில் போர்ட்டோஃபினோ அருகே சான் ஃப்ருத்துவோசோ விரிகுடாவில், 1954-இல் கடலடியில் வைத்த கைவிரித்த இயேசு வெண்கலச் சிலை 17 மீட்டரில் நிற்கிறது. மணப்பாடு, உவரி, கூத்தன்குழிக்காரர்கள் பலருக்கு இந்த ஒன்றுக்காகவே போகத் தோன்றும்.

ஸ்பெயினில் மெடெஸ் தீவுகளில் மீன்பிடிப்பைத் தடுத்துப் பல வருடம் ஆகிவிட்டதால் பெரிய பெரிய களவா மீன்கள் மனிதனைக் கண்டு விலகுவதே இல்லை, ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். துருக்கியில் காஷ் என்ற சிற்றூர் மலிவு, அமைதி. கிரீஸில் பழம்பொருள் பாதுகாப்புக்காக 2005 வரை பெரும்பாலான கடலில் ஸ்கூபாவே அனுமதிக்கப்படவில்லை. இப்போது போகலாம், ஆனால் அடியில் ஒரு மண்சாடித் துண்டைக்கூடத் தொடக்கூடாது, எடுத்துவந்தால் சிறைதான். ஏஜியன் கடல் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: நம்மூரில் ஆடிக்காற்று அடிக்கும் அதே வாரங்களில் அங்கே மெல்டெமி என்ற வடகாற்று பலமாக அடிக்கும், நாள்கணக்கில் படகு கிளம்பாமல் போகலாம். அங்கேயும் செப்டம்பர்தான் நல்லது.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொண்டு போங்கள். அந்தமான் மாதிரி பவளப்பாறை, கூட்டம் கூட்டமாக வண்ண மீன்கள் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். மத்திய தரைக்கடலில் சத்து குறைவு, அதனால் மிதக்கும் நுண்ணுயிர் குறைவு, அதனால் மீனும் குறைவு. அதே காரணத்தால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவு. 20, 30 மீட்டர் தூரம் சாதாரணமாகத் தெரியும். ஒரு கப்பலின் முன்பக்கத்தில் நின்றுகொண்டு அதன் நடுப்பகுதிவரை பார்க்க முடிகிற கடல் அது. பாறைச் சுவர்கள், குகைகள், மேலிருந்து சாய்ந்து விழும் ஒளி, இடுக்கில் அஞ்சாலை, பேய்க்கணவாய், நடுநீரில் சுற்றும் ஊளிக் கூட்டம், மணல்மேட்டில் பரந்து கிடக்கும் பொசிடோனியா ஓசியானிகா என்ற கடற்புல். அந்தப் புல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, மெதுவாக வளர்வது, துடுப்புக் காலால் அதை மிதிக்காமல் போங்கள். கிழக்குப் பக்கம் சிங்க மீன் நிறையத் தென்படும். நம் கடலுக்குச் சொந்தமான மீன், 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாக அங்கே போய்ப் பெருகி, இப்போது அங்குள்ள மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. அழகாகத்தான் இருக்கும், முள்ளில் விஷம், கைநீட்டாதீர்கள்.

சரி, இதற்கெல்லாம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டுமே. அங்கே போய்க் கற்கலாம் என்று விடாமல் இங்கேயே கற்றுவிட்டுப் போங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. அங்கே கற்றால் விலைகொடுத்து வாங்கிய ஒரு வாரத்தில் பாதி நாள் வகுப்பிலும் நீச்சல் குளத்திலும் போய்விடும். அந்தமானில் அக்டோபர் முதல் மே வரை நல்ல பருவம். கேரளத்துக் கோவளத்தில் தென்மேற்குப் பருவமழை இல்லாத மாதங்களில் கற்கலாம், நமக்கு ரயிலில் போய்த் திரும்பும் தூரம். புதுச்சேரியிலும் சொல்லித்தருகிறார்கள். ஓப்பன் வாட்டர் என்ற முதல் சான்றிதழுக்கு மூன்று நாலு நாள், முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். அதை வைத்து 18 மீட்டர் வரை போகலாம். இன்னும் இரண்டு நாள் சேர்த்து அட்வான்ஸ்டு முடித்தால் 30 மீட்டர். மேலே சொன்ன கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டாவது சான்றிதழ் வேண்டும், அதனால் சேர்த்தே முடித்துவிடுங்கள். சான்றிதழே வேண்டாம், ஒருமுறை இறங்கிப் பார்த்தால் போதும் என்பவர்களைப் பயிற்சியாளர் கையைப் பிடித்து 12 மீட்டர் வரை கூட்டிப் போவார், அதற்காக ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை.

ஆற்றிலும் கிணற்றிலும் நீந்தி வளர்ந்த நெல்லைக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதியும், ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. வசதி என்னவென்றால் தண்ணீர்ப் பயம் இருக்காது. 200 மீட்டர் நீந்துவது, 10 நிமிடம் மிதப்பது என்ற நுழைவுத் தேர்வெல்லாம் குறுக்குத்துறையிலோ திருப்புடைமருதூரிலோ குளித்துப் பழகியவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆபத்து, தம் பிடிக்கும் பழக்கம். முங்கு என்றால் மூச்சை அடக்கு என்று உடம்பு தானாகவே செய்யும். ஸ்கூபாவில் அது உயிருக்கு உலை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், மேற்பரப்பில் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துபோகும். ஆகவே இழு, விடு, இழு, விடு, ஒரு நொடியும் நிறுத்தாமல். பயிற்சிக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து வாயால் நிதானமாக மூச்சுவிட்டுப் பழகுங்கள், தம் கட்டி முங்கும் விளையாட்டைக் கொஞ்ச காலம் ஒத்திப்போடுங்கள்.

மேலே வருவதும் நிதானமாகத்தான். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வர வேண்டும். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற நேரம் கொடுக்கிறோம். அவசரப்பட்டால் குமிழியாகி மூட்டிலும் தண்டுவடத்திலும் அடைக்கும். தூத்துக்குடிப் பக்கம் கம்ப்ரஸர் குழாயைக் கட்டிக்கொண்டு சங்கு குளிக்கிறவர்கள் சிலர் கால் வழங்காமல், மூட்டுவலியோடு கிடப்பதற்குப் பின்னால் இருப்பது இதே காரணம்தான். அவர்களுக்கு யாரும் அட்டவணை போட்டுத் தரவில்லை, நமக்குக் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, அதை மதிக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

உடம்பு விஷயம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை, சர்க்கரை இதில் எது இருந்தாலும் மறைக்காமல் படிவத்தில் எழுதி, மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதை ஊரிலேயே முடித்துவிட வேண்டும், அங்கே போய் வெளிநாட்டு மருத்துவரைத் தேடினால் ஒரு நாள் போய்விடும், காசும் போகும். கர்ப்பமாக இருப்பவர்கள் இறங்கவே கூடாது. சளி பிடித்திருந்தால் காது அழுத்தம் சமமாகாது, செவிப்பறை கிழியும் அபாயம் இருக்கிறது. அதனால் பயணத்துக்கு முந்தைய வாரம் குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். இறங்கும்போது மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதி, ஒவ்வொரு மீட்டருக்கும் காதைத் திறந்துகொண்டே போக வேண்டும், வலிக்க ஆரம்பித்தபின் ஊதிப் பயனில்லை; கொஞ்சம் மேலே ஏறிவந்து திரும்ப முயலுங்கள். கண்ணாடி போடுபவர்கள் பவர் வைத்த மாஸ்க்கை இங்கேயே செய்துகொண்டு போங்கள்.

நம் பக்கத்துப் பெண்கள் பலர் உடையை நினைத்தே தயங்குகிறார்கள். ஸ்கூபாவில் போடும் உடை கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி, உள்ளே என்ன போட்டுக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்டால் பல இடங்களில் ஏற்பாடு செய்கிறார்கள். உடைக்காக இந்த ஆசையைக் கைவிடாதீர்கள்.

விசா வேலையை மார்ச்சிலேயே கையில் எடுங்கள். மால்டா, இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், பிரான்ஸ் எல்லாம் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகள், 2023-இலிருந்து குரோஷியாவும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், விதிப்படி 15 நாளில் முடிவு வரும், சில சமயம் 45 நாள்கூட இழுக்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை நேர்முகத் தேதி கிடைப்பதே பாடு. நீங்கள் போகும் நாட்டுக்குச் சென்னையில் மையம் இருக்கிறதா, இல்லை வேறு ஊருக்குப் போக வேண்டுமா என்பதைப் பார்த்துவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் போடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்கு அப்புறம் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். வங்கிக் கணக்கு, வருமான வரித் தாள், விடுப்புக் கடிதம், அறை முன்பதிவு இவற்றோடு டைவ் சென்டர் அனுப்பிய முன்பதிவுக் கடிதத்தையும் வையுங்கள், எதற்குப் போகிறீர்கள் என்பது தெளிவாகத் தெரியும். சைப்ரஸுக்குத் தனி விசா; பலமுறை நுழையும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் நிபந்தனையோடு ஏற்கிறார்கள், கிளம்பும் முன் தூதரகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். துருக்கிக்கும் தனி.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ பயணக் காப்பீடு விசாவுக்குப் போதும். ஆனால் அதன் நிபந்தனைகளைப் படித்தால் பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், அல்லது இத்தனை மீட்டருக்கு மேல் கிடையாது என்று இருக்கும். டேன் என்ற முக்குளிப்பாளர் பாதுகாப்பு அமைப்பு இதற்கென்றே காப்பீடு தருகிறது. ஏதாவது ஆனால் உயர் அழுத்த அறையில் வைத்துத்தான் சிகிச்சை. மால்டாவில் மேட்டர் டேய் மருத்துவமனையில் அது இருக்கிறது. ஐரோப்பா முழுக்க அவசர எண் 112. இதைக் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

போக்குவரத்துக்குத் திருவனந்தபுரம்தான் நமக்குத் தோது. நாகர்கோவில் வழியாக ரயிலில் போய்விட்டால் அங்கிருந்து வளைகுடா நாடு ஏதாவது ஒன்றில் மாறி ஐரோப்பா. தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை போய் மாறுவதும் ஒரு வழி. கார் எடுப்பதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சாமான்களில் மாஸ்க், கடினமான அடிப்பாகம் கொண்ட காலணி, டைவ் கம்ப்யூட்டர் இருந்தால் அது, அவ்வளவு போதும். சிலிண்டர், அதிலிருந்து வாய்க்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டர், காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் சட்டை எல்லாம் அங்கே வாடகைக்கு. மால்டாவில் கூரான பாறை மேல் நடந்து இறங்க வேண்டியிருப்பதால் வெறுங்காலில் மாட்டும் துடுப்பு உதவாது, காலணியோடு மாட்டும் வகைதான் வேண்டும். டார்ச், கேமரா பேட்டரிகள் கைப்பையில் மட்டும்.

செலவுக் கணக்கு: கருவிகளோடு, வழிகாட்டியோடு ஒருமுறை இறங்க 40 முதல் 60 யூரோ, பத்துமுறைக்குச் சேர்த்து எடுத்தால் குறையும். யூரோவை நூறு ரூபாய்க்கு மேலேயே வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும், நடுவில் ஒரு நாள் ஓய்வு. மூன்றாவதும் போகலாம் என்று சென்டரில் சொன்னாலும் முதல் தடவை போகிறவர்கள் இரண்டோடு நிறுத்துங்கள், களைப்பில்தான் கவனம் சிதறும்.

எந்தச் சென்டர் என்று தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகிலும் வண்டியிலும் ஆக்சிஜன் இருக்கிறதா, காற்று மாறினால் வேறு இடம் கொண்டுபோவீர்களா அல்லது பணத்தைத் திருப்பித் தருவீர்களா, என் சான்றிதழுக்கு எந்தெந்த இடம் சரி. நாலு பேருக்கு ஒரு வழிகாட்டி என்றால் நல்லது, எட்டுப் பேர் என்றால் வேறு பாருங்கள். உங்கள் சான்றிதழைக் கேட்காமலே எந்தக் கப்பலுக்கும் கூட்டிப் போகிறேன் என்கிற இடத்துப் பக்கமே போகாதீர்கள். கடைசியாக இறங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் ஒரு பழகு இறக்கம் வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தண்ணீருக்குள் நமக்குப் புதிதாக இருப்பவை இரண்டு. மேலே 26 டிகிரி இருக்கிறதே என்று மெல்லிய உடை போதும் என்று நினைப்போம், ஆனால் ஆழத்தில் ஓர் அடுக்கைத் தாண்டியதும் தண்ணீர் சட்டென்று குளிரும். 5 மில்லிமீட்டர் தடித்த முழு உடை, தலைக்கும் ஒரு மூடி, நம் உடம்புக்கு இது அவசியம். கூடவே எடையும் மாறும். அந்தக் கடலில் உப்பு அதிகம்: லிட்டருக்கு 38 கிராம், இந்தியப் பெருங்கடலில் 35 அளவில்தான். உப்பும் தடித்த உடையும் சேர்ந்து மேலே தூக்கும், அதனால் இங்கே கட்டிய ஈயக்கட்டியின் எடை அங்கே போதாது. முதல் இறக்கத்திலேயே, சட்டையில் காற்றில்லாமல், சாதாரணமாக மூச்சை இழுத்து நின்றால் கண் மட்டத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்த ஐந்து நிமிடம் வாரம் முழுக்க உதவும். காற்று 200 பார் அழுத்தத்தில் தொடங்கினால் 100-இல் வழிகாட்டியிடம் கைச்சாடை காட்டுங்கள், 50 மீதமிருக்கும்போது மேலே இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு அடுப்புள்ள அறையாக எடுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் அரிசி கொண்டுபோனால் இரவுக்குக் கவலையில்லை. மால்டாவில் பட்டாணி வைத்த பஸ்திசி என்ற பலகாரம் மலிவு. தண்ணீர் நிறையக் குடியுங்கள். முந்தைய நாள் இரவு மது கூடாது.

கடைசி நாளை வெறும் தரையில் கழிக்கும்படி திட்டமிடுங்கள். பல நாள் தொடர்ந்து முங்கியபின் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், 24 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. மலைக்கும் இதுவேதான்: சிசிலியில் எட்னா, சைப்ரஸில் 1952 மீட்டர் உயர ட்ரூடோஸ், இங்கே பயிற்சி முடித்த கையோடு மாஞ்சோலை, கொடைக்கானல் எதிலும் அன்றே ஏறக்கூடாது. மால்டாவில் மிக உயரமான மேடே 253 மீட்டர்தான் என்பதால் அந்த நாளில் தீவு முழுக்கச் சுற்றலாம், வல்லெட்டாவின் கோட்டைத் தெருக்களில் நடக்கலாம். காலையிலேயே மாஸ்க்கையும் காலணியையும் நல்ல தண்ணீரில் அலசி மாடியில் காயப்போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஈரத்தோடு கட்டினால் பெட்டி எடை கூடும், திருவனந்தபுரத்தில் திறக்கும்போது வாடையும் அடிக்கும். இறங்கிய ஒவ்வொரு இடத்துக்கும், இறக்கங்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் சென்டரின் முத்திரையை அன்றே வாங்கிவிடுங்கள், அடுத்தமுறை வேறு கடலில் ஆழமான இடம் கேட்கும்போது முதலில் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.